பாப்பாவின் புகைக்கண்

பீரோ கம்பெனியில் டீ வண்டி தள்ளுவது என் வேலை. அந்த வண்டி நான் சேருவதற்கு முன்னாலிருந்தே அங்கே உழைத்துக்கொண்டிருந்தது. காலெல்லாம் துரு. மேல்தட்டில் பெயின்ட் உரிந்து சொறி பிடித்த மாதிரி இருக்கும். ஒரு நாள் பீரோ வாங்க வந்த பெரிய மனிதர் ஒருவர் வண்டியைப் பார்த்துவிட்டு, டீயே வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டார். அவர் வேண்டாமென்றது வண்டியைப் பார்த்துத்தான். ஆனாலும் டீ போட்டவள் நானல்லவா, எனக்குத்தான் முகம் செத்துப்போனது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில் வந்து பார்க்கிறேன், கேன்டீன் சுவரோரம் என் வண்டி புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. முதலாளி அறை பீரோவுக்கு அடிக்கிற அதே சாம்பல் நீலம். துரு இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழுக்கியது. யார் செய்தது என்று கேட்டால் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மத்தியானம் என் நாத்தனார் டீ வாங்கக் கையை நீட்டினாள். அவள் கட்டைவிரல் நக இடுக்கில் அந்தச் சாம்பல் நீலம் ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"சர்க்கரையைக் கம்மியா போடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு விரலை மடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவள் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கடைசியாகப் பிறந்தவள் என்று வீட்டில் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. பாப்பாவுக்கு இன்றைக்கு முன்மண்டையில் நரை இருக்கிறது, கட்டிக்கொடுத்த மகள் இருக்கிறாள், ஆனாலும் பாப்பா பாப்பாதான். கம்பெனியில் அவளுக்கு வேறு பேர். கூலிங்கிளாஸ் என்பார்கள். வீட்டிலிருந்து கேட் வரைக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வருவாள். மழை கொட்டினாலும் கழற்ற மாட்டாள். உள்ளே வந்ததும் நேராகப் பெயின்ட் ஷெட்டுக்குப் போய், ஸ்ப்ரே அடிக்கும்போது மாட்டுகிற பெரிய கண்ணாடியையும் முகமூடியையும் போட்டுக்கொள்வாள். டீ குடிக்கிற நேரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அவள் முகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் அந்தக் கம்பெனியில் என்னைத் தவிர ஒன்றிரண்டு பேர் இருந்தால் அதிகம்.

மகள் பிறந்த பிறகு அவளுக்கு வலது கண் இமையில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. முதலில் அரிசிமணி அளவுதான். அது மெல்ல மெல்லப் பரவிக் கண்ணைச் சுற்றி வந்துவிட்டது. புருவத்தில் பாதி முடிகூட வெளுத்துவிட்டது. டாக்டரிடம் காட்டாமல் இல்லை. இது தோலின் நிறம் போவதுதான், யாருக்கும் ஒட்டாது, வலியும் இல்லை என்று அவர் சொன்னார். டாக்டர் சொன்னது எங்களுக்குத் தெரியும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குத் தெரியுமா? ஒரு தடவை ஒரு அம்மா தன் குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வாங்கியதுதான் அந்தக் கறுப்புக் கண்ணாடி.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. லாரியில் ஏற்றும்போது பீரோ எங்காவது இடித்து நசுங்கிவிடும். நசுங்கின இடத்தைத் தட்டி நிமிர்த்தி, பள்ளத்தை அடைக்கப் பசை மாதிரியான பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் கலர் அடிக்க வேண்டும். பழைய கலரும் புதுக் கலரும் சேருகிற இடத்தில் கோடு விழுந்தால் போச்சு, பீரோ முழுக்க மறுபடியும் அடிக்க வேண்டியதுதான். பாப்பா அடித்த இடத்தில் கோடு விழுந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் நசுங்கின இடத்தோடு நிறுத்துவார்கள். அவள் கையைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், கலரை மெலிசாக்கி, கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவாள். "ஓரம் தெரியக் கூடாது, அவ்வளவுதான்" என்பாள்.

இப்படிப்பட்டவள் தலைமைக்கு வராமல் ஷெட்டிலேயே கிடந்ததற்குக் காரணம் அவளேதான். முன்பு ஒரு தடவை, வேறு ஊரில் கம்பெனி திறந்தபோது, பெயின்ட் பகுதியைப் பார்த்துக்கொள்ள அவளைத்தான் கூப்பிட்டார்கள். புது ஆட்களை முன்னால் நிற்க வைத்துப் பேச வேண்டும் என்றதும் முடியாதென்று சொல்லிவிட்டாள். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருத்தர் அந்த இடத்துக்குப் போனார். அவரைச் சிரித்த முகமாகத்தான் வழியனுப்பினாள். பிறகு ஷெட்டுக்குள் போய், நன்றாக இருந்த ஒரு கதவை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத் தகரம் தெரிகிற வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கடவுள் இரண்டாவது தடவையும் கதவைத் தட்டினார். இன்னொரு ஊரில் இன்னொரு கிளை. சூப்பர்வைசர் ஷெட்டுக்கே வந்து சொன்னார். புதுசாகச் சேர்ந்த பெண்களுக்கு அடுத்த மாதம் இங்கே ஹாலில் வேலை செய்து காட்ட வேண்டும். முதலாளி உட்கார்ந்து பார்ப்பார். நன்றாக அமைந்தால் அந்த ஊர்ப் பெயின்ட் பகுதிக்கு அவள்தான் தலைமை. இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள், அப்புறம் அவளிடம் கேட்கவே மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் பாப்பா எங்கள் வீட்டுக்கு வந்தாள். எதிர் வரிசையில்தான் அவள் வீடு. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தானும் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். மடித்த சட்டையையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"போகணும்னு இருக்கா?" என்றேன்.

"இருக்கு அண்ணி. ரொம்ப இருக்கு."

"அப்புறம் என்ன?"

"வேலை தெரியும், பேசவும் வரும். அவங்க என் கையைப் பார்த்தா போதும். கண்ணையே பார்த்துக்கிட்டு நின்னாங்கன்னா நாக்கு மேல ஒட்டிக்கும்."

"கறுப்புக் கண்ணாடியோடயே சொல்லிக் குடேன்."

"கலர் பார்க்கணுமே! அதைப் போட்டுக்கிட்டா எனக்கு எல்லாப் பீரோவும் ஒரே பீரோதான்."

அன்றைக்குப் பிரார்த்தனையில் அவள் பேரையும் சேர்த்துக்கொண்டேன். பாப்பா என்றுதான் சொன்னேன். எந்தப் பாப்பா என்று கடவுளுக்குத் தெரியாதா?

இரண்டு நாள் போயிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் ஒரு பொண்ணு கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள். சாதாரண மை இல்லை. இமை முழுக்கப் பழுப்பும் கறுப்புமாகப் புகை படிந்த மாதிரி. ஸ்மோக்கி ஐ என்று அதற்குப் பேராம். வீட்டிலேயே சுலபமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் பொண்ணு மூச்சு விடாமல் பேசினாள்.

"இமை எங்கயாவது தெரியுதா அண்ணி?" என்றாள் பாப்பா.

"எங்க தெரியுது? ஒரே புகையால்ல இருக்கு."

"அதான்!" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஃபேன்சி ஸ்டோரில் போய்ப் பழுப்புக் கலர்கள் இருக்கிற சின்னப் பெட்டி, கண் பென்சில், தோல் நிறத்தில் ஒரு கிரீம் எல்லாம் வாங்கினாள். கடைக்கார அம்மா, "பொண்ணுக்கா?" என்று கேட்டாராம். "இல்ல, ஒரு டச்சப் வேலை இருக்கு" என்று இவள் சொல்லிவிட்டு வந்தாளாம்.

விடுமுறை நாளில் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து போட்டாள். போட்டதை எனக்குக் காட்ட வேண்டுமென்று கறுப்புக் கண்ணாடியைக்கூட மாட்டாமல், முகத்தைத் தூக்கிக்கொண்டு, தெருவைக் கடந்து வந்தாள். நான் கதவைத் திறந்தேன். திறந்ததும் என் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

அவளுக்குத் தெரிந்த தொழிலைக் கண்ணிலும் காட்டியிருந்தாள். நசுங்கின இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் கலரைத் தள்ளிக்கொண்டு போவதுபோல, இமைக்கு மேலே, கீழே, கன்னத்து எலும்பு வரைக்கும் தள்ளியிருந்தாள். ஓரம் தெரியவில்லைதான், அதில் குறை சொல்ல முடியாது. அதுவும் பழுது இருந்த வலது கண்ணுக்கு மட்டும். இடது கண் சும்மா வெறுமனே இருந்தது. யாரோ ஓங்கிக் குத்திவிட்ட மாதிரியே இருந்தது.

"எப்படி அண்ணி?" என்று கேட்கிறாள், முகமெல்லாம் சிரிப்பு.

நான் கையை எடுப்பதற்குள் தெருவில் சத்தம் கேட்டது. முக்கில் இஸ்திரி போடுகிற அக்கா பாப்பா கடந்துபோனதைப் பார்த்துவிட்டாள். அந்த நேரம் பார்த்தா பாப்பாவின் வீட்டுக்காரர் வேலை முடிந்து வர வேண்டும்? அவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். கோபம் என்றால் என்ன விலை என்று கேட்கிற மனுஷன். பூட்டைத் திறக்கும்போதுகூட அதோடு மெதுவாகப் பேசிக்கொண்டுதான் திறப்பார்.

"நில்லுய்யா அங்க!" என்றாள் இஸ்திரி அக்கா.

"என்னக்கா?"

"உன்னைப் போய் நல்லவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேனே, என்னைச் சொல்லணும்."

"நான் என்னக்கா பண்ணேன்?"

"பண்றதையும் பண்ணிட்டுக் கேள்வி வேறயா? உன் பொண்டாட்டி கண்ணு கறுத்துப்போய்க் கிடக்கு. உனக்கெல்லாம் கை எப்படி எழுந்துச்சு? இந்த இஸ்திரிப் பெட்டி எவ்வளவு சூடுன்னு தெரியுமா உனக்கு?"

பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும். பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு, சாவியெல்லாம் சிதற, ஓட்டமாக எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். கையில் ஒரு திருப்புளி. பாப்பாவைப் பார்த்ததும் மறுபடி வாசலுக்கே திரும்பினார்.

"எவன் அவன்? எவன் உன்மேல கை வச்சான்?"

"யாரும் வைக்கல. நானேதான் வச்சேன்."

"எதுக்கு?"

"அழகுக்கு."

மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனால் பாப்பாவின் முகம் மாறுவதைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் என் வீட்டுக் கண்ணாடியில் போய்ப் பார்த்தாள். தன் வீட்டுக் கண்ணாடியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், இங்கே தள்ளி நின்று பார்த்தாள்.

"குத்து வாங்கின மாதிரில்ல இருக்கு" என்றாள், மெதுவாக.

"எதுக்கும்மா ஒரு கண்ணுக்கு மட்டும்?" என்றார் அவர், தரையில் உட்கார்ந்தபடியே.

"இதுலதானே பழுது."

"ரெண்டு கதவு பீரோவுல ஒரு கதவு நசுங்கிச்சுன்னா அந்த ஒண்ணை மட்டும் அடிச்சு அனுப்புவியா நீ?"

"மாட்டேன். நசுங்கினதைச் சரி பண்ணிட்டு ரெண்டு கதவுக்கும் சேர்த்து ஒரு கை அடிப்பேன். இல்லேன்னா வித்தியாசம் காட்டிக் குடுத்…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். அவரைப் பார்த்தாள். "அட!" என்றாள்.

அதற்குள் இஸ்திரி அக்கா பொறுக்கிய சாவிகளோடு வாசலுக்கு வந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் சாவிக்கொத்தை அவர் மடியில் போட்டு, "தப்பா நெனச்சுக்காதய்யா, வேணும்னா உன் சட்டைக்கு ஒரு தடவை சும்மா இஸ்திரி போட்டுத் தர்றேன்" என்றாள். பிறகு பாப்பாவின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் பூசியிருக்க. ஆனா இது புகை இல்லடி, வீடே பத்திக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள். பாப்பா சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தண்ணீர் வந்ததும் கலர் கன்னத்தில் ஓடியது. அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் இன்னொரு முறை சிரித்தோம்.

அதற்குப் பிறகு தினமும் வேலை விட்டு வந்து வெளிச்சம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் பழகினாள். கூட நான் இருப்பேன். எப்படிப் போடுவது என்று எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

முகத்தைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்வாள். தோல் நிறக் கிரீமை விரல் நுனியில் தொட்டு, வெள்ளை இருக்கிற இடத்தில் தேய்க்காமல் தட்டித் தட்டி வைப்பாள். "தேய்ச்சா வழிச்சுக்கிட்டு வந்துடும், இது பட்டி மாதிரி" என்பாள். அதன்மேல் கொஞ்சம் பவுடர். பிறகு வெளிர்ப் பழுப்பை இமை முழுக்கத் தடவி, குழி விழுகிற இடம் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏற்றுவாள். கரும் பழுப்பைக் கடைக்கண் பக்கம் மட்டும் வைத்து உள்பக்கமாக இழுப்பாள். பென்சிலால் மேல் இமை முடியின் வேரோடு ஒட்டி ஒரு கோடு. அந்தக் கோடு காய்வதற்குள் பஞ்சுக் குச்சியால் மேல்நோக்கிக் கலைத்துவிடுவாள். அப்போதுதான் புகை வரும். கீழ் இமைக்குப் புதுசாக எதுவும் எடுப்பதில்லை, அந்தப் பஞ்சுக் குச்சியில் மிச்சம் ஒட்டியிருப்பதே போதும். அதில்தான் முதல் தடவை கோட்டை விட்டது என்று தலையில் குட்டிக்கொள்வாள். வெளுத்த புருவ முடிக்குப் பழுப்புப் பென்சிலால் சின்னச் சின்னக் கீறல். எல்லாம் முடிந்ததும் கலரே தொடாத பிரஷை எடுத்து, கலர் முடிகிற இடத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பாள். எனக்குப் பொறுமை போய்விடும், அவளுக்குப் போகாது.

"எதுவும் வைக்காம சும்மா சுத்துறியே?"

"இதுதான் அண்ணி வேலையே. வைக்கிறது யார் வேணா வைக்கலாம்."

இரண்டு கண்ணும் முடித்ததும் வாசல் வெளிச்சத்துக்குப் போய் நிற்பாள். என்னைச் சுவரோரம் தள்ளி நிற்கச் சொல்வாள்.

"கலர் எங்க முடியுதுன்னு சொல்லுங்க."

முதலில் சில நாள் நான் விரலை நீட்டிக் காட்டினேன். ஒரு நாள் பார்த்தேன், பார்த்தேன், காட்ட இடம் கிடைக்கவில்லை. கண்ணிரண்டும் பெரிசாக, ஆழமாக, ராணியின் கண் மாதிரி இருந்தன. அவள் வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றியவர் அதை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "யாருங்க நீங்க? பூட்டு எதுவும் ரிப்பேர் பண்ணணுமா?" என்றார்.

செய்து காட்டும் நாள் வந்தது. பாப்பா கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கேட்டுக்கு வந்தாள். வாட்ச்மேன் மறித்துக்கொண்டார்.

"யாரைம்மா பார்க்கணும்? பாஸ் இருக்கா?"

"நான்தாண்ணே, கூலிங்கிளாஸ்."

வாட்ச்மேன் ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். "இத்தனை நாளா இந்த மூஞ்சியையா மூடி வச்சிருந்த?" என்றார். கேட்டைச் சின்னதாகத் திறக்கிறவர், அன்றைக்கு முழுசாகத் திறந்துவிட்டார். நான் பின்னாலேயே நடந்து போனேன். தூக்குவாளியில் டீ தளும்பியது, அப்படி ஒரு கர்வம் எனக்கு.

ஹாலில் புதுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பெண்களும் இருந்தார்கள், என் வயசுக்காரிகளும் இருந்தார்கள். ஓரமாக முதலாளியும் சூப்பர்வைசரும். நடுவில் நசுங்கின கதவு ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பாப்பா முன்னால் வந்து நின்று, எல்லோர் முகத்தையும் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். நாக்கு ஒட்டவில்லை. தட்டுவது, பட்டி பூசுவது, தேய்ப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வேடிக்கையாகப் பேசினாள். "பட்டி பூசும்போது கை நடுங்குதா? நல்லது. நடுங்காதவதான் தப்பு பண்ணுவா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கலர் அடிக்கும் கட்டம் வந்தது. கலைந்துபோனதன் மேலேயே திரும்ப அடிக்கக் கூடாது, துடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்றாள். முகமூடியையும் ஸ்ப்ரே கண்ணாடியையும் மாட்டிக்கொண்டாள். வீட்டில் அத்தனை நாள் பழகினோம், அந்தக் கண்ணாடியை மாட்டிப் பழகவேண்டுமென்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அதன் ரப்பர் ஓரம் இமையை அழுத்திக்கொண்டு உட்காரும். உள்ளே வேர்க்கும். கதவை அருமையாக அடித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் தலைக்கு மேலே ஏற்றிக்கொண்டு, "இப்போ சொல்லுங்க, ஓரம் எங்க இருக்கு?" என்று திரும்பினாள்.

ஒருத்தரும் கதவைப் பார்க்கவில்லை. வலது கண்ணில் கலரும் கிரீமும் வழிந்து கன்னத்துக்கு வந்திருந்தன. புருவத்துக்கும் இமைக்கும் நடுவே வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் காதில் குனிந்தாள். சூப்பர்வைசர் நாற்காலியில் நெளிந்தார். கடவுளே, அவளைக் கைவிட்டுவிடாதே என்று தூக்குவாளிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, வெகுளியாகத்தான், கேட்டுவிட்டாள். "அக்கா, கண்ணுல என்னாச்சு?"

பாப்பா கன்னத்தைத் தொட்டாள். விரலில் பழுப்பு வந்தது. திரும்பிக் கதவைப் பார்த்தாள். இன்னும் ஈரம் காயாத பெயின்ட் கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. அதில் தன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கைப்பைக்குள் கறுப்புக் கண்ணாடி இருப்பது எனக்குத் தெரியும். கை பைக்குள் போனபோது அதைத்தான் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எடுத்தது அந்தப் பழுப்புக் கலர்ப் பெட்டியை.

"அண்ணி, ஒரு துணியைக் கொஞ்சம் நனைச்சுக் குடுங்க" என்றாள்.

குடிக்கிற தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். வழிந்ததை மட்டும் துடைப்பாள் என்று பார்த்தால், நன்றாக இருந்த இடது கண்ணையும் சேர்த்து அழுத்தித் துடைத்துவிட்டாள். இரண்டு கண்ணும் வெறுமனே, அத்தனை பேர் முன்னால் நின்றாள்.

"இது என் தோல்" என்றாள். "கலர் போயிடுச்சு, அவ்வளவுதான். ஒட்டாது, பயப்படாதீங்க. கலைஞ்சு போனது மேலயே திரும்ப அடிக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்? அதான் துடைச்சேன். பீரோவுல ஓரம் எப்படிப் போகுதுன்னு பின்னால இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. கிட்ட வாங்க எல்லாரும். இதுல காட்டுறேன்."

நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. எல்லோரும் அவளைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒருத்தி தன் கைக்கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். பாப்பா வீட்டில் செய்தது போலவே செய்தாள். கிரீமைத் தட்டும்போது பட்டியைச் சொன்னாள். கலரை மேலே தள்ளும்போது ஸ்ப்ரேயைக் கதவிலிருந்து தள்ளிப் பிடிப்பதைச் சொன்னாள். கலர் தொடாத பிரஷைச் சுற்றும்போது, "கை வலிக்கும். அப்பவும் விடாதீங்க. இங்க விட்டவங்கதான் கோடு போட்டுட்டு என்கிட்ட வந்து நிப்பீங்க" என்றாள். வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் புகைக்குள் போவதை அவர்கள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். அத்தனை கண்ணும் அவள் கண்ணையேதான் பார்த்தன. அவள் குரல் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

முதலாளியும் எழுந்து வந்து கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, சாயங்காலம் எனக்கும் இதைப் போட்டு விடுவீங்களா?" என்றாள் கண்ணில் என்னாச்சு என்று கேட்டவள்.

"முதல்ல கதவுக்குப் போடு. அதுல கோடு விழலைன்னா உன் கண்ணைத் தொடுறேன்."

ஹாலே சிரித்தது. நான் டீ ஊற்ற ஆரம்பித்தேன். அவளையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் பாதி டீ வெளியே போனது. முதலாளியே பரவாயில்லை என்றார்.

வேலை அவளுக்கே கிடைத்தது. புருஷனைப் பற்றிக் கவலையில்லை. சாவி தொலையாத ஊர் எங்கே இருக்கிறது என்று அவர் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார். இப்போது அந்த ஊரில் அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது. போனில் பேசும்போது பின்னால் அந்தப் பெண்களின் குரல் கேட்கும். நேரில் பார்த்துத்தான் நாளாகிறது. எங்கள் தெருவில் யார் அவளைப் பற்றிக் கேட்டாலும், பெயின்ட் பகுதிக்கே தலைமை என்று நான் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்கிறேன். கடவுள் அந்தக் கர்வத்தை மன்னிப்பார்.

அவர்கள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். இஸ்திரி அக்காவும் வந்திருந்தாள், பாப்பாவின் வீட்டுக்காரருக்குச் சொன்னபடியே ஒரு சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு. பாப்பா கண்ணுக்கு அழகாகப் போட்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் வெளியே நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஊரில் முதல் நாள் எப்படிப் போய் நிற்பாளோ என்று எனக்குள் ஒரு சின்னப் பயம் இருந்தது, அதையும் கேட்டுவிட்டேன். பஸ் உறுமத் தொடங்கியது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"முதல் நாள் வெறும் மூஞ்சியோட நிக்கப் போறேன் அண்ணி. மறுநாள் போட்டுக்கிட்டுப் போவேன். எது நல்லாயிருக்குன்னு அவங்க பேசி முடிக்கட்டும், எனக்கு வேலை கிடக்கு."